உளு விழுந்த மரமும் பழைய வீடு வாங்குவோரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடு வாங்குவோருக்கென்று நாளிதழ்களில் வெளிவரும் ஆலோசனைகளில் உரிமை ஆவணங்கள், சுவர் வெடிப்பு, மின்கம்பி, குடிநீர்க் குழாய் ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. மரம் மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. இடம்பெற்றாலும் கறையான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகிறது. பழைய கட்டடங்களின் மரவேலையைச் சோதித்துப் பழுதுபார்க்கும் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில், கறையானைப் போல மண்ணிலிருந்து ஏறி வராமல் மரத்துக்குள்ளேயே வளர்ந்து, சிறு துளையிட்டு வெளியேறும் வண்டுகளைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன். உளு விழுந்த மரம் என்று நாம் சொல்வது இவற்றின் வேலையைத்தான்.

இந்த வண்டுகளைப் பொறுத்தவரை வாங்குபவர்கள் இரண்டு வகையாக நடந்துகொள்வதைப் பார்க்கிறேன். சிலர் படிக்கட்டின் அடியில் நாலைந்து துளைகளைக் கண்டதுமே அருமையான வீட்டை வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் எதையும் பார்க்காமல் வாங்கிவிட்டு, குடிபோன பிறகு வீடு முழுவதும் மருந்து அடித்துப் பெரும்பணம் செலவழிக்கிறார்கள். இரண்டுமே தேவையற்றவை. முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தாக வேண்டும்: புழு இப்போதும் மரத்துக்குள் உயிரோடு இருக்கிறதா, மரம் ஈரமாக இருக்கிறதென்றால் ஈரம் எங்கிருந்து வருகிறது, அரிப்புக்குப் பின் மிஞ்சியிருக்கும் மரம் தன் சுமையைத் தாங்குமா. இம்மூன்றுக்கும் விடை சொல்பவர் மருந்து விற்பவராக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் துளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் வெளியே பார்க்கும் துளை பூச்சி நுழைந்த வழி அன்று, வெளியேறிய வழி. தாய் வண்டு மரத்தின் வெடிப்பிலும், சொரசொரப்பான வெட்டுமுனையிலும், பழைய துளைகளின் உள்ளேயும் முட்டையிடுகிறது. பொரிந்து வரும் புழு மரத்துக்குள் புகுந்து, நார்ப்போக்கிலேயே குடைந்து தின்றுகொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. மரச்சாமான்களில் பரவலாகக் காணப்படும் அனோபியம் என்ற வண்டின் புழுப்பருவம் பொதுவாக 2 முதல் 5 ஆண்டுகள் வரை நீடிக்கும். அதன் பிறகே அது மேற்பரப்புக்கு அருகில் வந்து கூட்டுப்புழுவாகி, வண்டாகி, 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் துளையிட்டு வெளியே வருகிறது. வெளிவந்த வண்டு மரத்தைத் தின்பதில்லை. இணைசேர்ந்து முட்டையிட்டுச் சில வாரங்களில் இறந்துவிடுகிறது. ஆகவே, ஒரு துளை என்பது அங்கிருந்து ஒரு பூச்சி போய்விட்டது என்பதற்கு மட்டுமே சான்று. அது சென்ற கோடையில் போனதாகவும் இருக்கலாம், அறுபது ஆண்டுகளுக்கு முன் போனதாகவும் இருக்கலாம். பழைய வீடுகளில் நான் காணும் துளைகளில் மிகப் பல இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

எந்த வண்டு என்பதை அறிவது அவசியம்; அதைப் பொறுத்தே மற்ற எல்லா முடிவுகளும் மாறுகின்றன. துளையின் அளவும் அதிலிருந்து விழும் தூளின் தன்மையுமே முக்கிய அடையாளங்கள். தூளை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்க வேண்டும். முகப்பூச்சு மாவைப் போல வழுவழுப்பாக, விரல் ரேகைகளுக்குள் படிந்துகொண்டால் அது பெரும்பாலும் லிக்டஸ் என்ற வண்டினத்தின் வேலை. நறநறவென்று மணல் போல உறுத்தினால் அனோபியமாக இருக்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் இரு முனையும் குறுகிய நுண்மணிகள் தெரியும். ஓக் போன்ற கடினமரங்களில், நெடுநாள் ஈரத்தால் பூஞ்சை பிடித்த இடங்களில், 3 மில்லிமீட்டர் அளவுள்ள துளைகளோடு காணப்படுவது வேறொரு பெரிய வண்டு; அதன் புழு பத்து ஆண்டுகள்கூட உள்ளே இருக்கக்கூடும். ஊசியிலை மரங்களால் ஆன கூரைச் சட்டங்களில் 6 முதல் 10 மில்லிமீட்டர் நீளமுள்ள நீள்வட்டத் துளைகள் தெரிந்தால் அது நீண்ட கொம்புள்ள கூரைவண்டு. அந்த ஒன்றைக் கண்டால் மட்டும் உடனடியாகப் பொறியாளரை அழைத்து வர வேண்டும். அதன் புழு, காகிதம் போன்ற மேல்தோலை மட்டும் விட்டுவைத்து உட்புறத்தைக் குடைந்துவிடும். ஒன்றிரண்டு துளைகளே தெரியும் சட்டம் உள்ளே முழுவதும் தூளாகியிருப்பதுண்டு.

லிக்டஸ் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். அதற்கு மரத்திலுள்ள மாவுச்சத்துதான் உணவு. மரம் வெட்டிப் பல ஆண்டுகள் ஆனபின் அந்தச் சத்து அழிந்துவிடுவதால், நூறு ஆண்டு பழைய உத்தரத்தில் அது புதிதாகக் குடியேறுவதில்லை. பழைய வீட்டில் லிக்டஸ் தூள் உதிர்கிறது என்றால், அண்மையில் மாற்றிய சன்னல் சட்டம், புதிதாக அடித்த அலமாரி, ஒட்டுப்பலகை ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வீட்டின் எலும்புக்கூடு தப்பியிருக்கவே வாய்ப்பு அதிகம். இதை அறியாமல் கூரை முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்ட வீடுகள் உண்டு.

கறையானோடு குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நிகழ்கிறது. நிலத்துக் கறையான் வட்டத் துளை விடாது. மண்ணால் கட்டிய குழல்கள் சுவரோரம் ஏறும், அரித்த இடத்தில் மண் அப்பியிருக்கும். உலர்மரக் கறையான் மண் கொண்டுவராது என்றாலும், அது வெளியே தள்ளும் எச்சம் ஆறு பக்கம் கொண்ட சிறு விதைகளைப் போல ஒரே அளவில் குவிந்திருக்கும். இரண்டுக்கும் மருத்துவம் வேறு என்பதால் அவற்றை இங்கே விரிக்கவில்லை.

இனி, எங்கே பார்ப்பது. விற்பவர் திறந்து காட்டும் கூடத்துக் கதவிலும் மெருகேற்றிய வாசல்நிலையிலும் பார்ப்பதால் பயனில்லை. வண்ணமோ வார்னிஷோ பூசிய வழவழப்பான பரப்பில் வண்டு முட்டையிட விரும்புவதில்லை. பூச்சே காணாத பின்புறங்களைத்தான் அது தேடுகிறது. படிக்கட்டின் அடிப்பக்கம், தளப்பலகைகளின் கீழ்ப்புறம், பரணின் மூலை, கூரையின் இரு சரிவுகள் சேரும் இடத்துக்கு நேர்கீழே உள்ள கைமரங்கள், குளியலறையை ஒட்டிய சட்டங்கள் ஆகியவையே பார்க்க வேண்டியவை. எல்லாவற்றுக்கும் மேலாக, உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். சுவர் உறிஞ்சிய ஈரம் நேராக அந்த வெட்டுமுனை வழியே மரத்துக்குள் ஏறுகிறது, காற்றும் படுவதில்லை. உத்தரத்தின் நடுப்பகுதி கல்போல இருக்க, சுவரோரம் ஒரு சாண் நீளம் மட்டும் இற்றுப்போயிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கையில் விளக்கு, ஒரு திருப்புளி, ஒரு கூரிய குத்தூசி இருந்தால் போதும். விளக்கை மரத்தின் மீது நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மேடுபள்ளமும், மக்கு அடைத்து மூடிய துளைகளும் நிழலாகத் தெரியும். திருப்புளியின் கைப்பிடியால் சட்டத்தின் நீளம் முழுவதும் தட்டிக்கொண்டே போக வேண்டும். உறுதியான மரம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே குடைந்திருந்தால் ஒலி மங்கும். ஒலி மங்கிய இடத்தில் குத்தூசியை வைத்து அழுத்தினால், நல்ல மரத்தில் முனை மட்டும் இறங்கி நின்றுவிடும், பிடுங்கும்போது இழுத்துப் பிடிக்கும். உளுத்த மரத்தில் தடையில்லாமல் இறங்கி, பிடுங்கும்போது பழுப்புத் தூளோடு வரும். எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை அங்கேயே சுண்ணக்கட்டியால் மரத்தின் மீது எழுதிவைக்க வேண்டும். அந்த எண்கள் பின்னால் பொறியாளருக்குத் தேவைப்படும்.

உயிரோடு இருக்கிறதா என்பதை ஒரே நாளில் உறுதியாகச் சொல்வது கடினம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். புதிய துளையின் விளிம்பு கூர்மையாகவும் உட்புறம் அப்போது அறுத்த மரத்தின் நிறத்திலும் இருக்கும். பழைய துளையின் உட்சுவர் கறுத்து, விளிம்பு தேய்ந்து, சில வேளை பழைய வண்ணமே உள்ளே வழிந்து உலர்ந்திருக்கும். கீழே தூள் கிடப்பது மட்டும் போதிய சான்றாகாது. மேலே ஆள் நடந்தால், கதவை அறைந்து சாத்தினால், பல்லாண்டுகளுக்கு முந்தைய தூளும் உதிரும். ஒளியை நாடிச் செல்லும் வண்டுகள் என்பதால், வெப்பம் கூடும் பருவத்தில் சன்னல் கட்டையில் 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவுள்ள பழுப்பு வண்டுகள் செத்துக் கிடந்தால் அது வலுவான அறிகுறி. உறுதியான முறை ஒன்று உண்டு. துளைகளின் மீது மெல்லிய காகிதத்தை இறுக ஒட்டி, தேதியைக் குறித்து, வண்டு வெளிவரும் பருவம் முடிந்தபின் காகிதம் துளைபட்டிருக்கிறதா என்று பார்ப்பதே அது. வாங்குபவருக்கு அவ்வளவு காலம் இருக்காது. அதனால்தான் ஈரத்தை அளப்பது முதன்மை பெறுகிறது.

ஈரப்பதமானியின் இரண்டு ஊசிகளையும் மரத்தில் அழுத்தினால் விழுக்காட்டில் அளவு தெரிந்துவிடும். அனோபியம் பெருக ஈரமான மரம் வேண்டும். மரத்தின் ஈரம் 12 விழுக்காட்டுக்குக் கீழே நெடுநாள் நின்றால் அதன் புழுக்கள் வளர முடியாமல், கூட்டமே காலப்போக்கில் அழிந்துவிடும். 20 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். பூஞ்சை மென்மையாக்கிய மரம் புழுவுக்கு இன்னும் எளிதான உணவு. எனவே, துளைகள் நிறைந்த ஒரு படிக்கட்டில் ஊசி 10 என்று காட்டினால் நான் கவலைப்படுவதில்லை. துளையே இல்லாத உத்தர முனையில் 24 என்று காட்டினால் சுவரை உடைத்துப் பார்க்கச் சொல்வேன். லிக்டஸும் கூரைவண்டும் உலர்ந்த மரத்திலும் வாழக்கூடியவை என்பதால் அவற்றுக்கு இந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது. பூச்சியின் இனத்தை முதலில் அறிய வேண்டும் என்று மேலே வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈரம் இருந்தால் அதன் மூலத்தை அடைக்காமல் செய்யும் எதுவும் நிலைக்காது. உடைந்த ஓடு, அடைபட்ட மழைநீர்க் குழாய், தளத்துக்கு அடியில் காற்று நுழைய விட்டிருந்த துவாரங்களை யாரோ எப்போதோ பூசி மூடியது, வெளியே தரைமட்டம் உயர்ந்து சுவரின் அடி எந்நேரமும் நனைந்திருப்பது ஆகியவையே வழக்கமான காரணங்கள். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு பெரும்பாலும் மருந்துச் செலவை விடக் குறைவு. ஆயினும் வண்டு பற்றிய அறிக்கைகளில் இவை கடைசிப் பக்கத்தில்கூட வருவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உறுதியைப் பற்றிய கேள்வியில் மக்களுக்கு அச்சமும் உண்டு, அலட்சியமும் உண்டு. புழு பெரும்பாலும் தின்பது மரத்தின் பட்டைக்கு அடுத்துள்ள வெளிறிய பகுதியை; வைரம் பாய்ந்த நடுப்பகுதியை அது எளிதில் தொடுவதில்லை. பழைய காலத்து உத்தரங்களில் வெளிறு நான்கு மூலைகளில் மட்டும் இருப்பதால், மூலைகள் பொடிந்து விழுந்தாலும் நடு உறுதியாகவே நிற்கும். பொடிந்ததை உளியால் செதுக்கித் தள்ளிவிட்டு, மிஞ்சியதை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். அளக்கும்போது எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பது முக்கியம். 20 செ.மீ. உயரமுள்ள ஓர் உத்தரம் தன் உயரத்தில் 2 செ.மீ. இழந்தால், பார்வைக்குப் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. ஆனால் வளைவைத் தாங்கும் வலிமை ஏறத்தாழ 19 விழுக்காடும், தொய்யாமல் நிற்கும் விறைப்பு 27 விழுக்காடும் குறைந்துவிடுகின்றன. அதே 10 விழுக்காடு அகலத்தில் போயிருந்தால் இரண்டுமே 10 விழுக்காடுதான் குறையும். பூச்சி மருந்துக்காரர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. முனை மட்டும் இற்றிருந்தால் அதை அறுத்தெடுத்து, பக்கத்தில் புதுச் சட்டம் வைத்து மரையாணியால் இறுக்கி இணைப்பது போதும். முழு உத்தரத்தையும் இறக்க வேண்டியதில்லை.

மருந்து வேண்டியிருக்கும் இடங்களும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. போரான் உப்புக் கரைசல் பாலூட்டிகளுக்கு அதிகத் தீங்கு செய்யாதது, ஈரமான மரத்தில் உள்ளே ஊடுருவிச் செல்லக்கூடியது; ஆனால் வண்ணமும் வார்னிஷும் சுரண்டிய வெறும் மரத்தில்தான் இறங்கும், மழை படும் இடத்தில் கரைந்து போய்விடும். பெர்மெத்ரின் வகை மருந்துகள் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழம் வரையே செல்கின்றன. மீனுக்கும் பூனைக்கும் அவை கடும் நஞ்சு. மேற்பரப்பில் அடித்த மருந்து ஆழத்திலுள்ள புழுவை உடனே கொல்வதில்லை. அது வண்டாகி வெளியே வரும்போதும், புதிதாகப் பொரிந்த புழு உள்ளே நுழைய முயலும்போதும்தான் வேலை செய்கிறது. ஆகவே மருந்தடித்த பின்னும் சில ஆண்டுகளுக்கு ஓரிரு புதிய துளைகள் தோன்றலாம். அது தோல்வி அன்று. அதைக் காட்டி இரண்டாம் முறை முழுவீட்டுக்கும் மருந்தடிக்கச் சொன்னால் இணங்க வேண்டியதில்லை. சூடேற்றும் முறையில் மரத்தின் நடுப்பகுதி வரை 55 பாகை செல்சியஸ் சென்று ஒரு மணி நேரமாவது நிலைக்க வேண்டும். நாற்காலி, பெட்டி போன்ற சிறு பொருள்களை உறையில் சுற்றி உறைகுளிரில், சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 பாகையில், இரண்டு வாரம் வைத்தும் பூச்சியை ஒழிக்கலாம். வெப்பம், குளிர், நச்சுப்புகை மூன்றும் இருக்கும் பூச்சியைக் கொல்லுமே தவிர, மறுநாள் வரும் பூச்சியைத் தடுக்கா.

இப்போது, சோதிப்பவரும் மருந்தடிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்று சொன்னதற்கு வருகிறேன். இலவசச் சோதனை என்று வருபவரின் வருமானம் சோதனையின் முடிவில் இருக்கிறது. அவர் நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் துளையைக் கண்டால் மருந்து என்று எழுதுவதே அவருடைய வேலையின் இயல்பாகிவிடுகிறது. நான் பின்னர் அழைக்கப்பட்ட ஒரு வீட்டில், வாங்கியவர்கள் தளப்பலகை முதல் கூரை வரை எல்லாவற்றுக்கும் மருந்தடித்து, நீண்டகால உத்தரவாதச் சீட்டையும் கோப்பில் பத்திரமாக வைத்திருந்தார்கள். பலகைகளில் இருந்த துளைகள் அனைத்தும் கறுத்துப்போன பழைய துளைகள். அதே அறையின் ஓரத்தில், வெளிக்குழாய் கசிந்துகொண்டிருந்த சுவருக்குள், உத்தரத்தின் முனையை என் விரலாலேயே நோண்டி எடுக்க முடிந்தது. உத்தரவாதச் சீட்டின் பின்பக்கத்தில், ஈரத்தால் ஏற்படும் சேதம் இதில் அடங்காது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. கைக்குழந்தையோடு அந்த அறையில் படுத்துறங்கிய ஒரு குடும்பம் அது. கட்டணம் வாங்கிக்கொண்டு அறிக்கை மட்டும் தரும் ஒரு கட்டடப் பொறியாளரையோ, பழைய மரவேலை அறிந்த தச்சரையோ முதல் நாளே அழைத்திருந்தால், செலவழித்ததில் ஒரு சிறு பங்கிலேயே காரியம் முடிந்திருக்கும்.

வாங்குபவர் விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. முன்பு மருந்தடித்திருந்தால் எப்போது, எந்த மருந்து, எந்தெந்த அறைகளில் என்பதற்கான ரசீதும், உத்தரவாதம் இருந்தால் அது புதிய உரிமையாளருக்கும் செல்லுமா என்பதும் தெரிய வேண்டும். இரண்டொரு தளப்பலகைகளைப் பெயர்த்துப் பார்க்கவும், படிக்கட்டின் அடிமறைப்பைக் கழற்றவும் அனுமதி கேட்க வேண்டும். திரும்பப் பொருத்தித் தரும் பொறுப்பை வாங்குபவரே ஏற்றுக்கொள்வது முறை. வீடு முழுவதும் வண்ணம் மங்கியிருக்க, பரணின் உட்புறம் மட்டும் புதிதாகப் பூசியிருந்தால் காரணம் கேட்பதில் தவறில்லை. சோதனையில் குறை தெரிந்தால், விற்பவரே அவசரமாகப் பழுதுபார்த்துத் தருவதைக் காட்டிலும், பொறியாளரின் மதிப்பீட்டின்படி விலையைக் குறைத்துக்கொண்டு வாங்குபவர் தம் மேற்பார்வையில் செய்துகொள்வதே நல்லது. மூடிவிட்ட வேலையை யாராலும் மீண்டும் சோதிக்க முடியாது. இவை யாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் நடக்க வேண்டியவை.

விற்பவர்களுக்கும் இதில் நன்மை உண்டு. துளையை மக்கு வைத்து அடைப்பதற்குப் பதிலாக, ஈர அளவுகளோடு கூடிய ஓர் அறிக்கையை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால், வீணான அச்சத்தால் பேரம் முறிவது குறையும்.

தங்கள் நாளிதழில் பழைய வீடு வாங்குவோருக்கான குறிப்புகள் அடுத்த முறை வெளிவரும்போது, மரத்துக்கென்று தனியே ஒரு பகுதி ஒதுக்கி, ஈரப்பதமானியால் அளக்கும் முறையையும், உத்தர முனைகளைச் சோதிக்கும் முறையையும் படங்களோடு வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். பழைய துளையையும் புதிய துளையையும் அருகருகே காட்டும் ஒரு தெளிவான ஒளிப்படம் வாசகர்களுக்கு மிகவும் உதவும்.

இப்படிக்கு,
பழைய கட்டட மரவேலைகளைப் பழுதுபார்ப்பவர் ஒருவர்